ஏழு நிமிஷம் மிச்சம்!

ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு எனக்கு பிரமோஷன் இண்டர்வியூ. மூன்று வருஷமாக 'அடுத்த தடவை, அடுத்த தடவை' என்று தள்ளிக்கொண்டே போன சமாசாரம். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய டை, பாக்கெட்டில் அம்மா மடித்துக் கொடுத்த விபூதிப் பொட்டலம். சட்டை கசங்கக் கூடாதே என்று வழக்கமான பைக்கை விட்டுவிட்டு, வேளச்சேரியிலிருந்து கால் டாக்ஸி.

விதி அங்கேதான் வேலையைக் காட்டியது.

மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் டிரைவரின் போன் பேசியது. "முன்னால் நெரிசல். இடது பக்கம் திரும்பவும். ஏழு நிமிடம் மிச்சம்."

"திரும்பட்டுமா ஸார்?" என்றார் டிரைவர்.

ஏழு நிமிஷத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? திரும்பினோம். நூறடி போனதும் ஒரு தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன். எதிரே இரண்டு கார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பன்னிரண்டு கார்கள்! ஒவ்வொரு கார் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு போன் மினுக்கிக்கொண்டிருந்தது. எல்லா போனிலும் அதே அம்மணி, அதே குரல், அதே ஏழு நிமிஷம்.

ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. இண்டர்வியூ எடுக்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். மானேஜர் தோளில் தட்டி, "அடுத்த தடவை பார்க்கலாம்ப்பா" என்றார்.

சாயந்தரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். எம்.ஈ. போக்குவரத்துப் பொறியியல் படிக்கிறான். என் கதையைக் கேட்டு அனுதாபப்படுவான் என்று பார்த்தால், பயலுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"மாமா, என் ப்ராஜெக்டே இதுதான்! ஒரு ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டா டிராஃபிக் குறையுமா, கூடுமா? அதைத்தான் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கறேன்."

"பேசிக்கிட்டதாலதானேடா எனக்கு இந்த கதி?"

"அதான் மாமா விஷயம்" என்று லேப்டாப்பைத் திறந்தான்.

சுமோ வண்டியல்ல, சாப்ட்வேர்

அவன் ஓட்டியது 'சுமோ' என்கிற சாப்ட்வேர். எனக்கு டாடா சுமோ ஞாபகம் வந்தது. அதுவுமில்லை, ஜப்பான் குண்டு மல்லர்களும் இல்லையாம். 'நகரப் போக்குவரத்தின் சிமுலேஷன்' என்பதன் இங்கிலீஷ் சுருக்கம். செய்தவர்கள் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தார். (ராக்கெட் விடுகிறவர்களுக்கு ரோட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர்களும் ஆபீஸுக்கு ரோட்டில்தானே போக வேண்டும்!) 2001-லிருந்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு ஓட்டலாம்.

திரையில் ஒரு நகரம் விரிந்தது. கோடு கோடாக ரோடு. அதில் எறும்பு மாதிரி மஞ்சள் மஞ்சளாக வண்டிகள். சிக்னலில் நிற்கின்றன, கிளம்புகின்றன, ஒன்றை ஒன்று முந்துகின்றன. ஹாரன் சத்தம் மட்டும்தான் இல்லை.

"இது எந்த ஊர்?"

"லக்ஸம்பர்க், மாமா."

ஐரோப்பாவில் தபால்தலை சைஸில் ஒரு நாடு. அதன் தலைநகரை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இப்படிக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக் கொடுத்தார்கள். ஊரும் சுற்றுப்புறமுமாக 156 சதுர கிலோமீட்டர், சுமார் 930 கிலோமீட்டர் ரோடு. சிக்னல், பஸ் ஸ்டாப், ஹைவே எல்லாம் உண்டு. ஒரு முழு நாளின் 24 மணி நேரமும் அதில் ஓடும். காலையில் ஆபீஸ் கூட்டம் ஏறும், மத்தியானம் கொஞ்சம் இறங்கும், சாயந்தரம் மறுபடி ஏறும். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. 400 சதுர கிலோமீட்டர், ஒரு நாளில் ஏழு லட்சம் பயணம்.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு தெருவையோ, ஒரு நாற்சந்தியையோ வைத்துக்கொண்டு 'என் முறை ஜெயித்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்சந்தியில் ஜெயிப்பது பெரிசில்லை. அங்கே தீர்ந்த நெரிசல் அடுத்த நாற்சந்தியில் போய் உட்கார்ந்திருக்கும். முழு ஊரையும் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

கட்டம் போட்ட நோட்டு போதும்

"அது சரி, ஒவ்வொரு வண்டியும் எப்படிடா ஓடுது? உள்ளே யார் டிரைவர்?"

பயல் என் ஆபீஸ் டயரியில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கட்டம் போட்டான். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட காகிதமும் நாலைந்து புளியங்கொட்டையும் போதும்.

1992-ல் கை நாகல், மிக்கேல் ஷ்ரெக்கன்பெர்க் என்று இரண்டு ஜெர்மானிய இயற்பியல்காரர்கள் கண்டுபிடித்த ஆட்டம் இது. ரோட்டை ஏழரை மீட்டர் நீளக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு கார். ஒரு விநாடிக்கு ஒரு ஆட்டம். விதிகள் நான்கே நான்கு.

ஒன்று, முடிந்தால் வேகத்தை ஒரு கட்டம் கூட்டு. இரண்டு, முன்னால் கார் இருந்தால் இடிக்காத அளவுக்குக் குறை. மூன்று, நடுநடுவே காரணமே இல்லாமல் ஒரு கட்டம் வேகத்தைக் குறை. நான்கு, அத்தனை கட்டம் நகர்.

மூன்றாவது விதியில்தான் மனுஷன் இருக்கிறான். வானொலியைத் திருப்புகிறான், தும்முகிறான், போஸ்டரைப் பார்க்கிறான். அந்த விதியைச் சேர்த்த பிறகுதான் காகிதத்தில் நிஜமான நெரிசல் உண்டாயிற்று. விபத்தில்லை, சிக்னல் இல்லை, பள்ளமில்லை. ஒருத்தன் தும்மினான், பின்னால் வருகிறவன் பிரேக் போட்டான், அதற்குப் பின்னால் வருகிறவன் இன்னும் அழுத்திப் போட்டான், பத்தாவது ஆசாமி நின்றே போனான்.

காகிதத்தில் சரி, நிஜத்தில்? ஜப்பானில் யூகி சுகியாமா குழுவினர் செய்தே பார்த்து 2008-ல் எழுதினார்கள். 230 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு வட்ட ரோடு. அதில் 22 கார். எல்லாரும் ஒரே வேகத்தில் சுற்றுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் கார்கள் நிற்கிற ஓர் இடம் தானாக உண்டாகி, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. முன்னால் போகிற கார்கள், பின்னால் போகிற நெரிசல்!

பிற்பாடு அமெரிக்காவில் அரிசோனாவின் டூஸான் நகரில் இதே மாதிரி வட்டத்தில் இருபது சொச்சம் கார்களை விட்டு, அதில் ஒன்றை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அது அவசரப்படவில்லை. முன்னால் இடைவெளி கிடைத்ததும் பாய்ந்து நிரப்பாமல், சீரான வேகத்தில் போனது. அந்த ஒரே ஒரு நிதானக்காரனால் மொத்த வட்டத்தின் நெரிசலும் கரைந்தது. 2018-ல் வெளியான சேதி.

எனக்கு ரோஷம் வந்தது. "அப்ப எல்லா வண்டியையும் கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்துட வேண்டியதுதானே?"

"அவசரப்படாதீங்க மாமா. முதல்ல அதுங்க பேசிக்கறதைக் கேளுங்க."

விநாடிக்குப் பத்து தடவை வம்பு

'இணைந்த வண்டி' என்றால் என்ன? கல்யாண வீட்டில் சில மாமிகள் இருப்பார்கள். நிமிஷத்துக்கு ஒரு தரம், "நான் இங்கே இருக்கேன், இப்ப பந்திக்குப் போறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். அதுதான். ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கிற இடம், போகிற வேகம், திசை, பிரேக் போட்டதா இல்லையா என்பதை ரேடியோவில் விநாடிக்குப் பத்து தடவை சொல்லும். சில நூறு மீட்டருக்குள் இருக்கிற மற்ற வண்டிகள் கேட்டுக்கொள்ளும். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 2012-ல் ஏறக்குறைய 2,800 நிஜ வண்டிகளில் இதைப் பொருத்தி ஓட விட்டார்கள்.

வளைவுக்கு அப்பால் லாரி நிற்கிறதா? கண்ணுக்குத் தெரியுமுன் காருக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வருகிறதா? சிக்னலே கேட்டுவிட்டு முன்கூட்டியே பச்சை காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஒரு முழு ஊருக்கும் ஓட்டிப் பார்ப்பது எத்தனை கஷ்டம் தெரியுமா?

ஒரு கணக்குப் போடுவோம். ரோட்டில் ஒரு நேரத்தில் 5,000 வண்டி. விநாடிக்குப் பத்து பேச்சு என்றால் 50,000 பேச்சு. ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள 100 வண்டிகள் கேட்பதாக வைத்தால், விநாடிக்கு 50 லட்சம் 'காதில் விழுதல்'. ஒரு மணி நேரத்துக்கு 1,800 கோடி! அதிலும் எது காதில் விழுந்தது, எது கட்டடம் மறைத்து விழவில்லை, எது இரண்டு பேர் ஒரே சமயம் பேசியதால் குழம்பிப் போனது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேசுவதும் கேட்காது என்பது கல்யாண மண்டபத்துக்கு மட்டுமல்ல, ரேடியோவுக்கும் பொருந்தும்.

அதனால் இரண்டு சிமுலேட்டரைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். வண்டி ஓட்டத்துக்கு சுமோ. ரேடியோப் பேச்சுக்கு 'ஓம்நெட்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் தரகர் மாதிரி 'வெய்ன்ஸ்' என்று ஒரு சாப்ட்வேர். சுமோ, "எழுபதாம் நம்பர் கார் இந்த மூலைக்கு வந்தாச்சு" என்று சொல்லும். ஓம்நெட், "அப்படியா, அதன் காதில் முன்னால் நெரிசல் என்று விழுந்தது" என்று சொல்லும். உடனே சுமோ அந்தக் காரை வேறு தெருவில் திருப்பும்.

வேறு தெரு! என் திங்கட்கிழமை மறுபடி கண்முன் வந்தது.

நாலாயிரம் பேர், ஒரு குறுக்குத் தெரு

"இப்ப உங்க கதைக்கு வருவோம் மாமா" என்று கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டான்.

வீட்டிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு வழி. தினமும் 4,000 கார். முதல் வழியில் முதல் பாதி ஒரு குறுகலான பாலம். எத்தனை கார் போகிறதோ அதை நூறால் வகுத்தால் அத்தனை நிமிஷம். மறு பாதி அகல ரோடு, எத்தனை கார் வந்தாலும் 45 நிமிஷம். இரண்டாவது வழி இதையே திருப்பிப் போட்டது. முதலில் 45 நிமிஷ அகல ரோடு, பிறகு ஒரு குறுகல் பாலம்.

பாதிப் பாதியாகப் பிரிந்து போவார்கள். பாலத்தில் 2,000 கார், அதாவது 20 நிமிஷம். அகல ரோடு 45. ஆக 65 நிமிஷத்தில் எல்லாரும் ஆபீஸ்.

இப்போது இரண்டு வழிக்கும் நடுவில், முதல் பாலம் முடியும் இடத்திலிருந்து இரண்டாவது பாலம் ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு குறுக்குத் தெரு இருப்பது தெரியவருகிறது. கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்டுபிடித்த புத்திசாலிக்கு 20-ம் 20-ம் நாற்பதே நிமிஷம்! 25 நிமிஷம் மிச்சம். அதை போன் எல்லாருக்கும் சொல்கிறது. 4,000 பேரும் அதிலேயே வருகிறார்கள். முதல் பாலம் 40 நிமிஷம், இரண்டாவது பாலம் 40. ஆக மொத்தம் 80.

"சரி, பழைய வழியிலேயே போயிடறேன்" என்று எவனாவது திரும்பினால்? அவனுக்கு 40-ம் 45-ம் 85. அதனால் எவனும் திரும்ப மாட்டான். ஒவ்வொருவனும் தன்னளவில் சரியாகத்தான் செய்கிறான். எல்லாருக்கும் கால் மணி நேரம் நஷ்டம்!

இது பயலின் கற்பனையல்ல. 1968-ல் டீட்ரிஷ் பிராயஸ் என்ற ஜெர்மானியக் கணிதக்காரர் காட்டிய புதிர். அப்புறம் 1991-ல், பாக்கெட்டில் மேப் வருவதற்கு வெகு காலம் முன்பே, மோஷே பென்-அகிவா என்ற பேராசிரியரும் இரண்டு சகாக்களும் எழுதி வைத்துவிட்டார்கள். டிரைவர்களுக்குச் சேதி சொன்னால், எல்லாரும் ஒரே வழிக்குப் பாய்ந்து நெரிசலை இடம் மாற்றக்கூடும் என்று. சேதி கேட்டுப் பத்துப் பேர் திரும்பினால் அது நல்ல சேதி. ஆயிரம் பேர் திரும்பினால், அவர்கள் போய்ச் சேருவதற்குள் அது பழைய சேதி.

நிஜத்தில் நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்ஸி பக்கம் லியோனியா என்று ஒரு சின்ன ஊர். நியூயார்க் போகும் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழி சொல்லும் ஆப்கள் ஊர்த் தெருக்களைக் காட்டிக்கொடுத்ததில், வீட்டு வாசலிலிருந்து கார் எடுக்க முடியவில்லை. 2018 ஜனவரியில் ஏறக்குறைய அறுபது தெருக்களைக் கூட்ட நேரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மூடிவிட்டார்கள். அதுவும் கோர்ட் வரை போனது.

பெர்லினில் இன்னொரு கூத்து. சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு கை வண்டியில் 99 பழைய போன்களைப் போட்டு, காலி ரோட்டில் மெதுவாக இழுத்துப் போனார். கூகுள் மேப்பில் அந்த ரோடு சிவந்துவிட்டது! 2020-ல் இதை அவரே வெளியிட்டார். வண்டிகள் பேசலாம். ஆனால் பேசுவதெல்லாம் உண்மையா என்று யார் பார்ப்பது? பொய் சொல்லும் வண்டியையும் சிமுலேஷனில் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாயமாகும் கார்

"அப்ப என்னதான் வழி?"

"சேதியைப் பிரிச்சுக் கொடுக்கணும் மாமா. எல்லாருக்கும் ஒரே வழியைக் காட்டாம, இவ்வளவு பேர் இந்தத் தெரு, இவ்வளவு பேர் அந்தத் தெருன்னு. எத்தனை பேருக்கு எதைச் சொன்னா ஊரே தாங்கும்னு முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கணும். இங்கே தப்பு பண்ணா ஒரு மஞ்சப் புள்ளி நிக்கும். ரோட்ல தப்பு பண்ணா ஒரு ஆம்புலன்ஸ் நிக்கும்."

சில பேருக்குச் சில நிமிஷம் தாமதமான வழியைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் மென்று விழுங்கிச் சொன்னான். அந்தச் சில பேரில் ஒருவராக இருக்க நீங்கள் சம்மதிப்பீர்களா? இண்டர்வியூ நாளில்? இதற்கு சாப்ட்வேரில் விடை இல்லை.

அப்போது திரையில் ஒன்றைப் பார்த்தேன். ஒரு நாற்சந்தியில் மாட்டிக்கொண்டு முழித்த கார், திடீரென்று காணாமல் போய், கொஞ்சம் தள்ளி அடுத்த தெருவில் தோன்றியது.

"டேய்! அது எப்படிடா?"

பயல் அசடு வழிந்தான். சுமோவில் ஒரு ஏற்பாடு. நாம் வேறு மாதிரி சொல்லி வைக்காவிட்டால், 300 விநாடி நகர முடியாமல் நிற்கிற வண்டியை அது அலாக்காகத் தூக்கி, முன்னால் இடமிருக்கிற தெருவில் வைத்துவிடும். இல்லாவிட்டால் ஒரு முட்டுக்கட்டையால் ஊரே நின்றுபோய் சிமுலேஷன் நகராதாம். அடடா, அந்த வசதி எனக்குத் திங்கட்கிழமை இருந்திருந்தால்!

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. எவராவது 'எங்கள் திட்டத்தை ஓட்டிப் பார்த்தோம், நெரிசல் பாதியாகிவிட்டது' என்று கலர் கலராகப் படம் காட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை கார் மாயமாச்சு ஸார்?"

இரண்டாவது கேள்வியும் உண்டு. லக்ஸம்பர்க் கார்கள் கோட்டுக்குள் ஓடுகின்றன. நம் ஊரில்? ஒரு காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மூன்று பைக், ஓர் ஆட்டோ, ஒரு மீன்பாடி வண்டி. இதற்கென்று சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கோடு மதிக்காத கலவை டிராஃபிக்குக்குத் தனியாகவே சிமுலேஷன் எழுதினார்கள். சுமோவிலும் பிற்பாடு ஒரு லேனைக் குறுக்கே மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, பைக்குகளை நுழைய விடும் வசதி வந்தது. ஊரை மாற்றாமல் சாப்ட்வேரை மட்டும் வாங்கி வந்தால், கம்ப்யூட்டரில் ஓடும், கிண்டியில் ஓடாது.

முடிவாக

மறுநாள் மறுபடி கால் டாக்ஸி. (பைக் பங்ச்சர்.) மறுபடி அதே அம்மணி. "இடது பக்கம் திரும்பவும். ஏழு நிமிடம் மிச்சம்."

"வேண்டாம், நேரே போங்க" என்றேன் கம்பீரமாக. "முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, சீரா ஓட்டுங்க. அந்த ஒரு நிதானக்காரன் நாமா இருப்போம்."

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இடைவெளி விட்டார். அடுத்த விநாடி அந்த இடைவெளியில் ஓர் ஆட்டோ நுழைந்தது. மறுபடி விட்டார். இரண்டு பைக். மறுபடி விட்டார். ஒரு மாநகரப் பேருந்தே நுழைந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இடது பக்கத் தெருவைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். பதினைந்து கார்கள் உள்ளே நின்றுகொண்டிருந்தன. அதே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

ஆபீஸுக்கு ஐந்து நிமிஷம் லேட். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார்: "என்னப்பா, டிராஃபிக்கா?"

"ஆமாம் ஸார். நானும் அதில் ஒருத்தன்."